திட்டினால் மார்க் ஏறுமா? - மனசு ஒரு கணக்கு! - 7

சைக்காலஜி படிக்கச் சேரும் மாணவர்களில் பலருக்கு முதல் வருடத்திலேயே ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். கனவுகளுக்கு அர்த்தம் சொல்வது, முகத்தைப் பார்த்தே மனதைப் படிப்பது, ஃப்ராய்டு என்று எதையெதையோ எதிர்பார்த்துப் போயிருப்பார்கள். கையில் கிடைக்கும் பாடத்திட்டத்தில் 'புள்ளியியல்', 'பரிசோதனை வடிவமைப்பு' என்று இருக்கும். "கணக்கு வேண்டாம்னுதானே இந்த குரூப்பே எடுத்தேன்!" என்று புலம்பாதவர்கள் குறைவு.

இந்த வாரம் அந்தப் பாடத்தைத்தான் பார்க்கப்போகிறோம். கல்லூரி மாணவர்களுக்காக மட்டும் அல்ல. பத்தாவது படிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெற்றோருக்கும், 'ஆய்வு சொல்கிறது' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்புவதா வேண்டாமா என்று குழம்பும் தாத்தா பாட்டிக்கும் இதில் பங்கு உண்டு. பயப்பட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

விமானப்படையில் ஒரு வாக்குவாதம்

டேனியல் கானமன், மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த உளவியலாளர். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2002-ல் பெற்றவர். 1960-களில் அவர் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தவறு செய்யும்போது தண்டிப்பதைவிட, நன்றாகச் செய்யும்போது பாராட்டுவதே அதிகப் பலன் தரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அனுபவசாலியான ஒரு பயிற்சியாளர் எழுந்து மறுத்தார். நன்றாக விமானம் ஓட்டிய பையனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான். மோசமாக ஓட்டியவனைக் கத்தித் தீர்த்தால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான். இதைத் தினமும் கண்ணால் பார்க்கிறோம் என்பது அவர் வாதம்.

அவர் பார்த்தது பொய் இல்லை. ஆனால், அதற்கு அவர் கொடுத்த காரணம் தவறு. கானமன் அதை அங்கேயே காட்டினார். தரையில் சாக்பீஸால் ஒரு குறி வரைந்தார். ஒவ்வொரு அதிகாரியையும் குறிக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து, திரும்பிப் பார்க்காமல் அடுத்தடுத்து இரண்டு காசுகளை எறியச் சொன்னார். முதல் காசைக் குறிக்கு அருகில் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டாவதைத் தள்ளிப் போட்டார்கள். முதலில் தள்ளிப் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டாவதை அருகில் போட்டார்கள். நடுவில் யாரும் யாரையும் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.

நாம் செய்யும் எந்தக் காரியத்திலும் திறமை கொஞ்சம், அன்றைய அதிர்ஷ்டம் கொஞ்சம் கலந்திருக்கிறது. ஒருவர் வழக்கத்தைவிட மிக மோசமாகச் செய்த நாளில் திறமை திடீரென்று காணாமல் போயிருக்காது. அதிர்ஷ்டம் காலை வாரியிருக்கும். அடுத்த நாள் அதே அளவு துரதிர்ஷ்டம் திரும்ப வருவது அபூர்வம். அதனால் அவர் தன் சராசரியை நோக்கித் திரும்புவார். மிகப் பிரமாதமாகச் செய்த நாளுக்குப் பிறகும் இதேதான், எதிர்த்திசையில். இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1886-லேயே இதை உயரத்தில் கண்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தாலும், சராசரியாகப் பார்த்தால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குள்ளமான பெற்றோரின் பிள்ளைகள் அவர்களைவிடச் சற்று உயரம். புள்ளியியலில் இதற்குப் பெயர், 'சராசரியை நோக்கித் திரும்புதல்'.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். வழக்கமாக 60 மார்க் எடுக்கும் பிள்ளை காலாண்டுத் தேர்வில் 42 வாங்கி வருகிறது. காய்ச்சலாக இருந்திருக்கலாம், படிக்காமல் விட்ட இரண்டு பாடங்களிலிருந்தே கேள்விகள் வந்திருக்கலாம். வீட்டில் திட்டு, செல்போன் பறிமுதல், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமை. அரையாண்டில் 58. 'பாத்தியா, திட்டினாத்தான் வேலைக்கு ஆகுது!' திட்டாமல் இருந்தாலும் பெரும்பாலும் 58-க்கு அருகில்தான் வந்திருக்கும் என்பது யாருக்கும் தோன்றாது. அதேபோல, 78 எடுத்தபோது கட்டிப்பிடித்துப் பாராட்டினோம், அடுத்த தேர்வில் 63. 'பாராட்டினா தலைக்கு ஏறிடுது!'

இந்தக் கணக்கு தெரியாத வீட்டில் என்ன நடக்கிறது, பாருங்கள். திட்டிய பிறகெல்லாம் மார்க் ஏறுகிறது. பாராட்டிய பிறகெல்லாம் இறங்குகிறது. திட்டுவதே சரி என்று வருடத்துக்கு வருடம் உறுதிப்பட்டுக்கொண்டே போகும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தப்பான ஆதாரம் ஒன்று நல்ல மனிதர்களைக் கடுமையானவர்களாக மாற்றிவிடுகிறது.

திட்டினால் பலன் இல்லை என்று இதை வைத்து நிரூபித்துவிட முடியாது. பலன் உண்டு என்பதற்கு நாம் காட்டும் ஆதாரம் ஆதாரமே இல்லை என்பதுதான் இதில் தெரிவது. அப்படியென்றால், நிஜமாகவே கண்டுபிடிக்க என்ன செய்ய வேண்டும்? பரிசோதனை வடிவமைப்பு என்ற பாடம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

ஒப்பிட இன்னொரு குழு

ஞாபகசக்தி டானிக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எப்போது வாங்குகிறோம்? மார்க் குறைந்த பிறகு. அடுத்த தேர்வில் மார்க் எப்படியும் கொஞ்சம் ஏறும். பாராட்டு டானிக்குக்குப் போகும். விளம்பரத்தில் வரும் அம்மா பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவர் கண்ணால் கண்டதையே சொல்கிறார்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, டானிக் குடிக்காத இன்னொரு குழுவையும் கூடவே கவனிப்பது. இதுதான் கட்டுப்பாட்டுக் குழு. அவர்களுக்கும் சராசரியை நோக்கித் திரும்புதல் நடக்கும். அவர்களும் அரையாண்டுக்குள் வளர்ந்திருப்பார்கள், படித்திருப்பார்கள். இரண்டு குழுவுக்கும் இடையில் மிஞ்சும் வித்தியாசத்தைத்தான் டானிக்கின் கணக்கில் சேர்க்கலாம்.

ஆனால், யார் எந்தக் குழு? விரும்புகிறவர்கள் டானிக் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டால் வம்பு. டானிக் வாங்குகிற வீடுகளில் டியூஷனும் இருக்கும், அமைதியாகப் படிக்க ஓர் அறையும் இருக்கும். மார்க் ஏறியது டானிக்காலா, அறையாலா? ஆசிரியர் பார்த்துப் பிரித்தாலும் அவரை அறியாமலே கெட்டிக்கார மாணவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடலாம். அதனால் சீட்டுக் குலுக்கல். ஒரு டம்ளரில் பெயர்களைப் போட்டுக் குலுக்கி, முதலில் வரும் பாதிப் பேர் ஒரு குழு, மீதிப் பேர் இன்னொரு குழு. பணக்காரர், ஏழை, சுறுசுறுப்பு, சோம்பல், நாம் நினைத்தே பார்க்காத நூறு விஷயங்கள், எல்லாமே இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவும். பரிசோதனை அறிவியலில் இவ்வளவு மலிவான, இவ்வளவு சக்தியுள்ள கருவி வேறு இல்லை.

கணக்குப் போட்ட குதிரை

குலுக்கல் போட்டுப் பிரித்துவிட்டோம். போதுமா? பெர்லினில் வாழ்ந்த ஹான்ஸ் என்ற குதிரை போதாது என்று சொல்லும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனி முழுக்க ஹான்ஸைப் பற்றித்தான் பேச்சு. வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டென் என்ற ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். கூட்டல், கழித்தல், தேதி என எதைக் கேட்டாலும் குளம்பால் தரையில் தட்டிச் சரியாகப் பதில் சொன்னது. 1904-ல் உளவியலாளர் கார்ல் ஸ்டம்ஃப் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்தது. ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது.

விடை கண்டுபிடித்தவர் ஸ்டம்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட். அவர் இரண்டே மாற்றங்கள் செய்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி பார்த்துக்கொண்டார்; கேட்பவர் குதிரையின் கண்ணில் படாதபடியும் செய்து பார்த்தார். இரண்டிலும் ஹான்ஸ் திணறிவிட்டது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை, மயிரிழை அளவுக்குத் தன்னையறியாமல் அசையும். குதிரை அதைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியது. ஹான்ஸுக்குக் கணக்கு தெரியாது. மனிதர்களைப் படிக்கத் தெரியும்.

இன்னொரு பரிசோதனை, 1963-ல் அமெரிக்காவில் ராபர்ட் ரோசென்தாலும் கெர்மிட் ஃபோடும் செய்தது. 12 மாணவர்களிடம் ஆளுக்கு ஐந்து எலிகள் கொடுக்கப்பட்டன. வழி கண்டுபிடிப்பதில் உங்கள் எலிகள் கெட்டிக்காரப் பரம்பரை என்று பாதிப் பேரிடம் சொன்னார்கள். மந்தமான பரம்பரை என்று மீதிப் பேரிடம். உண்மையில் எல்லாம் சாதாரண எலிகள்தான். ஆனால், 'கெட்டிக்கார' எலிகளே நன்றாக ஓடியதாகப் பதிவானது. எலியைத் தொட்ட விதம், நேரம் குறித்த விதம் என எங்கேயோ எதிர்பார்ப்பு நுழைந்துவிட்டது.

அதனால்தான் நல்ல பரிசோதனைகளில், யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை என்பது சாப்பிடுபவருக்கும் தெரியாது, அளவெடுப்பவருக்கும் தெரியாது. டானிக் பரிசோதனையிலும் விடைத்தாள் திருத்துபவருக்கு எந்தத் தாள் எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

எட்டு கப் டீ

இனிதான் கணக்கு. அதற்கு ஒரு டீ சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1920-களின் தொடக்கத்தில் நடந்தது. ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியலாளர், உடன் பணியாற்றிய பாசி ஆராய்ச்சியாளர் முரியல் பிரிஸ்டலுக்கு ஒரு கப் டீ நீட்டினார். அவர் வேண்டாம் என்றார். கப்பில் பாலை முதலில் ஊற்றினால்தான் பிடிக்குமாம். எதை முதலில் ஊற்றினால் என்ன, சுவை ஒன்றுதானே? இல்லை, குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார் அந்த அம்மையார். சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது.

1935-ல் ஃபிஷர் எழுதிய 'பரிசோதனைகளின் வடிவமைப்பு' என்ற பொருள்படும் தலைப்புள்ள நூலில், இந்தச் சோதனையே இரண்டாவது அத்தியாயத்தின் உதாரணம். எட்டு கப் டீ. நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில். வரிசை கலைக்கப்பட்டிருக்கும். நான்கு நான்கு என்பது சுவைப்பவருக்குத் தெரியும். அவர் பால் முதலில் ஊற்றிய நான்கையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

அவருக்கு ஒன்றுமே தெரியாது, சும்மா ஊகிக்கிறார் என்றே முதலில் வைத்துக்கொள்வோம். இதற்கு 'இன்மைக் கருதுகோள்' என்று பெயர். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழிகள்? 8 x 7 x 6 x 5 = 1,680. எடுக்கும் வரிசை முக்கியம் இல்லை என்பதால் 24-ஆல் வகுக்கிறோம். 70. அதில் ஒன்றுதான் முழுக்கச் சரி. ஆக, குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்பு. ஏறக்குறைய 1.4 சதவீதம். அவ்வளவு அபூர்வமான ஒன்று நடந்தால், 'ஒன்றுமே தெரியாது' என்ற எண்ணத்தைக் கைவிடலாம்.

ஒன்றில் மட்டும் சறுக்கி, நான்கில் மூன்று சரியாகச் சொன்னால்? அப்படி நடக்க 16 வழிகள். முழுச் சரியையும் சேர்த்தால் 17. எழுபதில் பதினேழு, அதாவது சுமார் 24 சதவீதம். நான்கு பேர் ஊகித்தால் ஒருவர் இப்படிச் சொல்லிவிடுவார். அதை ஏற்க முடியாது.

சைக்காலஜி மாணவர்களைப் பயமுறுத்தும் 'பி வேல்யூ' இதுதான். உண்மையில் விஷயம் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்படி ஒரு முடிவோ இதைவிடப் பிரமாதமான முடிவோ தற்செயலாகக் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? அது 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கவனிக்கத்தக்கது என்பது ஆராய்ச்சியாளர்கள் வைத்துக்கொண்ட ஒரு வழக்கம்.

இதில் பட்டம் பெற்றவர்களும் தடுமாறும் இடங்கள் உண்டு. பி வேல்யூ 3 சதவீதம் என்றால், அந்தக் கண்டுபிடிப்பு 97 சதவீதம் உண்மை என்று அர்த்தம் இல்லை. வித்தியாசம் பெரியது என்றும் அர்த்தம் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்தால் அரை மார்க் வித்தியாசம்கூட 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும்.

எட்டுக்குப் பதில் நான்கு கப் மட்டும் வைத்திருந்தால்? நான்கிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழிகள்தான். அம்மையாருக்கு எவ்வளவு கூர்மையான நாக்கு இருந்தாலும், முழுக்கச் சரியாகச் சொன்னாலும், தற்செயலுக்கு ஆறில் ஒன்று வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கும். திறமை இருந்தும் நிரூபிக்க முடியாத பரிசோதனை அது. 'எத்தனை பேரைச் சோதிக்க வேண்டும்?' என்ற கேள்வியைச் சோதனை தொடங்கும் முன்பே கேட்க வேண்டும் என்பது இதனால்தான். சின்ன ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை என்பதும், வித்தியாசமே இல்லை என்பதும் ஒன்றல்ல.

பாட்டு கேட்டுக்கொண்டே படிக்கலாமா?

வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை இது. மேலே பார்த்ததையெல்லாம் வைத்து ஒரு பரிசோதனையை நாமே அமைத்துப் பார்ப்போம்.

முதலில் கேள்வியைச் சுருக்க வேண்டும். 'பாட்டு நல்லதா?' என்பது பட்டிமன்றத் தலைப்பு. 'தமிழ்ப் பாட்டு கேட்டுக்கொண்டே 20 சொற்களை மனப்பாடம் செய்பவர்களுக்கு, அமைதியில் செய்பவர்களைவிடக் குறைவாக நினைவிருக்குமா?' என்பது சோதிக்கக்கூடிய கேள்வி. நாம் மாற்றுவது பாட்டு. அது சாரா மாறி. நாம் அளப்பது நினைவிருக்கும் சொற்கள். அது சார்ந்த மாறி. சொற்பட்டியல், நேரம், அறை எல்லாம் இரண்டு குழுவுக்கும் ஒன்றே. குழு பிரிக்கச் சீட்டுக் குலுக்கல். கலந்துகொள்பவர்களின் சம்மதம் வேண்டும். பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதமும். நடுவில் யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

ஆளுக்கு ஆள் ஞாபகசக்தி வித்தியாசப்படுமே என்றால், ஒரே ஆளை இரண்டு விதமாகவும் சோதிக்கலாம். அப்போது வேறொரு சிக்கல் வரும். இரண்டாவது முறை பழகியிருப்பார், அல்லது களைத்திருப்பார். அதனால் பாதிப் பேருக்கு முதலில் பாட்டு, பிறகு அமைதி. மீதிப் பேருக்கு முதலில் அமைதி, பிறகு பாட்டு. சொற்பட்டியலும் இரண்டு வேண்டும்.

முடிவுகள் வந்துவிட்டன என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். குழுவுக்கு ஐந்து பேர். அமைதிக் குழு: 11, 12, 12, 12, 13. சராசரி 12. பாட்டுக் குழு: 9, 10, 10, 10, 11. சராசரி 10. வித்தியாசம் 2 சொற்கள்.

இன்னொரு வகுப்பிலும் செய்தோம். அமைதிக் குழு: 4, 8, 10, 18, 20. சராசரி 12. பாட்டுக் குழு: 2, 6, 8, 15, 19. சராசரி 10. இங்கேயும் வித்தியாசம் 2 சொற்கள்தான்.

இரண்டையும் ஒரே அளவு நம்புவீர்களா? முதல் வகுப்பில், பாட்டுக் குழுவின் முதல் ஆள், அமைதிக் குழுவின் கடைசி ஆளைத்தான் எட்டிப் பிடிக்கிறார். இரண்டாவது வகுப்பில் எண்கள் கன்னாபின்னாவென்று சிதறிக் கிடக்கின்றன. இரண்டு பேரை இடம் மாற்றி உட்காரவைத்தால் முடிவே தலைகீழாகிவிடும். சராசரியோடு சிதறலையும் பார் என்று ஆசிரியர்கள் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். அந்தச் சிதறலை அளக்கும் எண்தான் 'திட்ட விலக்கம்'. குழுக்களின் வித்தியாசத்தைச் சிதறலோடும் ஆட்களின் எண்ணிக்கையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் 'டி டெஸ்ட்'. அதன் அடிப்படையை உருவாக்கியவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். குறைந்த எண்ணிக்கையிலான மாதிரிகளை வைத்து எவ்வளவு தூரம் முடிவு செய்யலாம் என்பது அவருடைய தொழில் பிரச்னை. விடையை 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். பாடப்புத்தகங்களில் இன்றும் அது 'ஸ்டூடன்ட் டி டெஸ்ட்'தான்.

வயதைக் குறைத்த பாட்டு

இவ்வளவு கருவிகள் இருந்தும் உளவியல் துறை ஒரு பெரிய சறுக்கலைச் சந்தித்தது. 2011-ல் ஜோசஃப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பீட்டில்ஸ் குழுவின் 'வென் ஐ'ம் சிக்ஸ்டி ஃபோர்' பாட்டைக் கேட்ட மாணவர்களுக்கு, வேறு இசை கேட்டவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை வயது குறைந்துவிட்டது என்றது அதன் ஒரு பகுதி! பி வேல்யூ 5 சதவீதத்துக்குக் கீழே. எண்கள் எல்லாம் நிஜம்.

பாட்டு கேட்டு வயது குறையாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஊரறிய ஒரு தந்திரத்தை அம்பலப்படுத்தவே அப்படிச் செய்தார்கள். ஏகப்பட்ட கேள்விகள் கேட்டு, சரிவந்ததை மட்டும் எழுதுவது; கொஞ்சம் பேரைச் சோதித்து முடிவைப் பார்ப்பது, வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்ப்பது. இதையெல்லாம் பலரும் தவறு என்றே நினைக்காமல் செய்துகொண்டிருந்தார்கள். ஒன்றுமே இல்லாத விஷயத்தில் 20 விதமாகச் சோதித்துப் பார்த்தால், ஏதாவது ஒன்றிலாவது 5 சதவீதத்துக்குக் கீழே வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரே குறியில் ஒரு முறை சுட்டுத் தைப்பது வேறு. சுவரெங்கும் சுட்டுவிட்டு, தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவது வேறு.

2015-ல் பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த பெரிய ஆய்வாளர் குழு, உளவியலில் வெளிவந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. முதலில் வெளியானபோது அவற்றில் 97 சதவீதம் கவனிக்கத்தக்க முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதம் மட்டுமே காட்டின. துறையே அதிர்ந்தது. ஆனால் மூடி மறைக்கவில்லை. சோதனையைத் தொடங்கும் முன்பே எதை அளக்கப்போகிறோம், எத்தனை பேர், எப்படிக் கணக்கிடுவோம் என்று பொதுவில் பதிவு செய்துவிடும் வழக்கம் அதன் பிறகு வேகமாகப் பரவியது.

மிட்டாயும் குடும்பமும்

எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்துவிட முடியாது. யாரையும் ஏழை வீட்டில் பிறக்கச் சொல்ல முடியாதே! அங்கேதான் 'ஒட்டுறவு' வருகிறது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை அது காட்டும். எது எதற்குக் காரணம் என்று சொல்லாது.

மார்ஷ்மெல்லோ சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரிப் பள்ளியில் வால்டர் மிஷல் தொடங்கியது. கையில் ஒரு மிட்டாய். சாப்பிடாமல் காத்திருந்தால் இன்னொன்று. காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் தேர்வுகளில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள் என்று 1990-ல் வெளியான தொடர் ஆய்வு சொன்னது. உலகமெங்கும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை மிட்டாய் வைத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். 2018-ல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹவோனான் குவான் மூவரும் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவல்களை ஆராய்ந்தார்கள். தொடர்பு பழைய ஆய்வில் இருந்ததில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல் போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது. நான்கு வயதில் மிட்டாயைச் சட்டென்று வாயில் போட்ட குழந்தைக்கு எதிர்காலம் இல்லை என்று எந்தத் தாயும் கவலைப்பட வேண்டியதில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு

சைக்காலஜி சேர்ந்துவிட்டுப் புள்ளியியலைக் கண்டு மிரண்டு நிற்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

சூத்திரத்தில் தொடங்காதீர்கள், கேள்வியில் தொடங்குங்கள். ஒவ்வொரு டெஸ்ட்டும் ஏதோ ஒரு மனிதரின் நிஜமான சந்தேகத்துக்குப் பிறந்த பதில். எண்கள் கைக்கு வந்ததும் முதலில் ஒரு படம் போட்டுப் பாருங்கள். சராசரி மறைப்பதைப் படம் காட்டிக்கொடுத்துவிடும். ஜாஸ்ப், ஜமோவி, ஆர் ஆகிய மென்பொருள்கள் இலவசம். ஆனால் முதல் ஐந்தாறு கணக்குகளையாவது கையால் போடுங்கள். பிறகு மென்பொருள் தரும் எண் எங்கிருந்து வந்தது என்று புரியும். பெரிய ஆய்வுதான் செய்ய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பத்து நண்பர்கள், இரண்டு சொற்பட்டியல், ஒரு கைக்கடிகாரம் போதும். அதில் படும் அவஸ்தை நூறு பக்கம் படிப்பதற்குச் சமம்.

ஃபார்வர்டு செய்யும் முன் நான்கு கேள்விகள்

'ஆய்வு சொல்கிறது' என்று எது வந்தாலும் இவற்றைக் கேளுங்கள்.

1. எதோடு ஒப்பிட்டார்கள்? ஒப்பிட இன்னொரு குழு இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

2. குழுக்களை யார் பிரித்தது? குலுக்கலா, அவரவர் விருப்பமா?

3. எத்தனை பேர்? அளவெடுத்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியுமா?

4. வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா?

நான்குக்கும் பதில் கிடைக்காத செய்தியை மற்றவர்களுக்கு அனுப்பாமல் இருப்பதே ஒரு சமூக சேவை.

இந்த வார வீட்டுப்பாடம்

வீட்டில் யாராவது, 'சிக்கரி கலந்த காபியா, கலக்காததா என்று ஒரு வாய் குடித்தே சொல்லிவிடுவேன்' என்று சவால் விடுபவர் உண்டா? எட்டு சின்ன டம்ளர்கள். நான்கில் அது, நான்கில் இது. சூடும் சர்க்கரையும் எல்லாவற்றிலும் ஒரே அளவு. சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவு செய்யுங்கள். கலந்தவர் வேறு, பரிமாறுபவர் வேறாக இருக்கட்டும். பரிமாறுபவருக்கு விடை தெரியக் கூடாது. நான்கையும் சரியாகப் பிரித்துவிட்டால் எழுபதில் ஒன்று. தாராளமாகக் கைதட்டலாம்.

காபியைவிட முக்கியமான இன்னொரு பாடமும் உண்டு. உங்கள் பிள்ளையின் கடந்த இரண்டு வருட மார்க்குகளை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அதன் சராசரியைக் கணக்கிட்டு ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை மார்க் அந்தக் கோட்டுக்குக் கீழே போகும்போது, குரலை உயர்த்தும் முன் அந்தத் தாளை எடுத்து ஒரு முறை பாருங்கள். பெரும்பாலும் அது தானாகவே மேலே வரும். வராமல் தொடர்ந்து மூன்று, நான்கு தேர்வுகள் இறங்கிக்கொண்டே போனால், அப்போது திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து என்ன பிரச்னை என்று கேளுங்கள்.

(கணக்கு தொடரும்...)